கஞ்சித் தொட்டியை மறைக்கும் பொற்காலக் கதைகள்

2025 ஆகஸ்ட் 1 முதல் 13 வரை, சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு வெளியே தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முடிவை எதிர்த்தும், பணி நிரந்தரம் கோரியும் நடந்த போராட்டம் அது. போராடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். அந்த இடத்தில் போராட்டத்தைத் தொடர அனுமதிக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியதும், 13ஆம் தேதி நள்ளிரவையொட்டிக் காவல் துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. மறுநாள் கூடிய மாநில அமைச்சரவை, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. அதற்கு அடுத்த நாள் விடுதலை நாள். அதன்பின் ஒரு வாரத்தில், 22ஆம் தேதி, சென்னையின் 386ஆவது பிறந்தநாள்.

ஒரே மாதத்திற்குள் இரண்டு பொற்காலங்கள் இந்நகரத்தில் கொண்டாடப்படுகின்றன. விடுதலை நாளை ஒட்டி நாட்டின் பொற்காலம் பேசப்படுகிறது: அந்நியர் வருவதற்கு முன் பாரதம் தங்கப் பறவையாக இருந்தது, பசியும் பகையும் இல்லாத கிராமங்கள் இருந்தன, அனைவரும் கல்வி பெற்றனர் என்பது அக்கதை. சென்னை நாளை ஒட்டி நகரத்தின் பொற்காலம் பேசப்படுகிறது: செங்கல் மாளிகைகள், டிராம் வண்டிகள், கால்வாயில் மிதந்த படகுகள், நெரிசல் அற்ற கடற்கரை. முதல் கதை ஆங்கிலேயரை வில்லனாக்குகிறது. இரண்டாவது கதை அவர்களை ரசனை மிக்க கட்டடக் கலைஞர்களாக்குகிறது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு கதைகளும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன. உழைத்தவர் என்ன உண்டார், எங்கு குடியிருந்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்ற கேள்விகளை இரண்டுமே கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளை வடசென்னையிலிருந்து கேட்டுப் பார்ப்போம்.

பெயரில் தங்கிவிட்ட பசி

ராயபுரத்தை ஒட்டி நிற்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனையை, இப்பகுதியின் மூத்த தலைமுறை 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்து வந்தது. அப்பெயருக்குக் காரணம் உண்டு. ஐதர் அலியுடனான போரும் பஞ்சமும் சேர்ந்து கிராமங்களைச் சூறையாடிய 1782இல், நகரத்திற்குள் ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக இங்கே மணியக்காரர் சத்திரம் தொடங்கப்பட்டது. சத்திரத்தோடு நோயாளிகளைக் கவனிக்கும் ஏற்பாடும் வளர்ந்து, பின்னாளில் மருத்துவமனையானது. 'ஸ்டான்லி' என்பது அதற்கு ஆளுநர் ஒருவரின் நினைவாக வந்த பெயர். 'கஞ்சித் தொட்டி' என்பது வரிசையில் நின்றவர்கள் வைத்த பெயர்.

பாரம்பரிய நடைப்பயணங்கள் பெரும்பாலும் முதல் வகைப் பெயர்களையே பின்தொடர்கின்றன. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை அவை காட்டுகின்றன. அந்த ரயில் பாதைக்கு மண் சுமந்தவர்களைக் காட்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் செயற்கைத் துறைமுகம் அமையும்வரை, நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே மசூலா படகுகளில் உயிரைப் பணயம் வைத்துச் சரக்கும் மனிதரும் ஏற்றி இறக்கிய படகோட்டிகளை ஓவியங்களில் அழகிய காட்சியாக ரசிக்கிறோம். அவர்கள் பெற்ற கூலி அந்த ஓவியங்களில் இல்லை.

அதே கரையிலிருந்துதான் மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சென்றடைந்த 'டுரூரோ' கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டதுதான். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் ஓர் இடம் இருந்தது. ஊரில் பொற்காலம் நடந்துகொண்டிருந்தால் இத்தனை பேர் கடலைக் கடந்து கூலிக்கு ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல்கள் விடை வைத்திருக்கின்றன.

கால்வாயும் கூலியும்

பழைய சென்னை பற்றிய ஏக்கத்தில் பக்கிங்காம் கால்வாய்க்குத் தனி இடம் உண்டு. உப்பும் விறகும் படகுகளில் வந்த காலம் இனிமையாக நினைவுகூரப்படுகிறது. இன்று சாக்கடையாகிவிட்ட அக்கால்வாயைக் காணும் எவருக்கும் அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் கால்வாய் எப்படி உருவானது என்பதும் அந்நினைவில் இடம்பெற வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்திலிருந்து எண்ணூர்வரை வெட்டப்பட்டது காக்ரேன் கால்வாய். அதுவே பின்னர் வடக்கும் தெற்குமாக நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி, 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்ச காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகி வந்தவர்கள்.

அவர்களுக்குத் தரப்பட்ட கூலியைப் பற்றிப் பஞ்ச வரலாறு தெளிவாகப் பேசுகிறது. 1877 ஜனவரியில் வைஸ்ராயின் தூதராக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைப்பதற்காக, நாள் முழுவதும் வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்பது அரை கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவு உணவில் உடல் உழைப்பு செய்பவர் உயிர் வாழ முடியாது என்று மருத்துவ அடிப்படையில் எதிர்த்தார். சென்னைக் கடற்கரையில் கப்பலில் வந்து இறங்கிய தானிய மூட்டைகள் குவிந்து கிடந்த காலம் அது. தானியம் இருந்தது, வாங்கும் சக்தி இல்லை. சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

இந்தச் சாவுகளும் எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை. நிலமும் சேமிப்பும் உள்ளவர் பஞ்சத்தை ஒத்திப்போட முடியும். அன்றாடக் கூலியாகத் தானியம் பெற்று வாழ்ந்தவருக்கு, வேலை நின்ற நாளிலேயே பஞ்சம் தொடங்கிவிடும். சேரிகளில் வாழ்ந்தவர்களின் நிலை இதுவே.

உழைப்பாளியைக் கட்டிப்போடச் சட்டமும் இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அவரைச் சிறையிலடைக்க வழி செய்தது. ஊதியம் தராத முதலாளிக்கு அச்சட்டத்தில் அத்தகைய தண்டனை இல்லை. ஒப்பந்த மீறல் என்னும் உரிமையியல் விவகாரம், ஏழைக்கு மட்டும் குற்றவியல் விவகாரமானது. சுமார் 65 ஆண்டுகள் இச்சட்டம் நடைமுறையில் இருந்தது. நாம் ரசிக்கும் மாளிகைகள் பலவும் இக்காலத்தில் எழுந்தவையே.

கம்பெனிக்கு முன்பு?

அப்படியானால் வறுமை முழுவதும் வெள்ளையர் கொண்டுவந்தது தானே, அதற்கு முந்தைய காலம் பொற்காலம் தானே என்று தேசியப் பெருமிதம் பேசுவோர் கேட்பார்கள். அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் புள்ளிவிவரம் பொருளியல் வரலாற்றாளர் ஆங்கஸ் மேடிசனுடையது. 1700இல் உலக உற்பத்தியில் இந்தியாவின் பங்கு சுமார் 24 விழுக்காடு. 1950இல் சுமார் 4 விழுக்காடு. காலனியச் சுரண்டலைக் காட்ட இந்த ஒப்பீடு உதவுகிறது. ஆனால் பொற்காலத்தை நிரூபிக்க இது உதவாது. அதே மேடிசனின் கணக்கில் 1700இல் உலக மக்கள்தொகையில் கால் பங்குக்கும் மேலானோர் இந்தியாவில் வாழ்ந்தனர். ஆக, தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இந்தியாவின் உற்பத்தி உலகச் சராசரியைவிடக் குறைவாகவே இருந்தது. அந்தச் சராசரியும் பேரரசரின் கருவூலத்தையும் பண்ணையாளின் மண்சட்டியையும் கூட்டி வகுத்துக் கிடைத்த எண்.

திருவொற்றியூரின் தியாகராஜர் கோயில் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். சோழர் கால வழிபாட்டையும் நிர்வாகத்தையும் அறிய அவை பெரும் சான்றுகள். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று, கோயிலுக்கு நெல் குற்றுவதற்காகச் சில பெண்கள் அவர்களது வழித்தோன்றல்களோடு சேர்த்து ஒப்படைக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. பிறக்காத குழந்தையின் உழைப்பும் அங்கே எழுதிக் கொடுக்கப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் ஊரின் பிற பகுதிகளிலிருந்து தனித்துக் குறிக்கப்படுகின்றன. 1201ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரம் கல்வெட்டு, பஞ்சம் தாங்காமல் வெள்ளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு தம்மையே கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. நிலத்தோடு தொடர்புடைய சாதியினருக்கே இந்நிலை என்றால், நிலமே மறுக்கப்பட்டவர்களின் நிலையைக் கல்வெட்டு சொல்ல வேண்டியதில்லை.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டி ஆண்ட 17ஆம் நூற்றாண்டில், பஞ்சம் வந்தபோதெல்லாம் அடிமை வணிகம் பெருகியது. பசியால் விற்கப்பட்டவர்கள் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். வாங்கியவர் அந்நியர். விற்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளிய நில உறவும் சாதி உறவும் உள்ளூருக்குச் சொந்தமானவை.

பள்ளிக்கூடக் கணக்கு

பழைய கிராமத்தில் எல்லோரும் படித்தனர் என்ற வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்பு. தரம்பால் 1983இல் வெளியிட்ட 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' நூல் வழியாக அது பரவலாயிற்று. பிராமணர் அல்லாத மாணவர்கள் கணிசமாக இருந்ததை அக்கணக்கு காட்டுவது உண்மை. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று நாமே பார்க்க வேண்டும்.

மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். சுமார் 1,88,000 மாணவர்கள். சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்களில் 67 பேருக்கு ஒருவர். வீட்டில் கற்றவர்களையும் சேர்த்து மன்றோ தாராளமாகக் கணித்தபோதும், ஆண் சிறுவரில் மூன்றில் ஒரு பங்கு அளவே கல்வி பெற்றனர் என்ற முடிவுக்கே வந்தார். சிறுமியர் மிகச் சிலர். கணக்கெடுப்புப் படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம் ஆகியோருக்குத் தனித்தனி இடம் இருந்தது. எஞ்சியோர் அனைவருக்கும் 'பிற சாதிகள்' என்று ஒரே இடம். பறையரும் பள்ளரும் சக்கிலியரும் பள்ளிக்குள் இருந்தனரா என்று கேட்பதற்கான இடமே அப்படிவத்தில் இல்லை. இந்த மௌனத்தை 'அனைவருக்கும் கல்வி' என்று படிப்பது வரலாற்று ஆய்வாகாது.

பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்குத் தடை இருக்கக் கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது 1924இல். சாலையில் நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்ட சமூகத்தில், நூறாண்டுக்கு முன்பு அனைவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து படித்தனர் என்று நம்பச் சொல்கிறார்கள்.

குடிசை நின்ற நிலம் யாருடையது?

திருவொற்றியூரும் எண்ணூர்ப் பகுதியும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியவை. அம்மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதில் விவரிக்கப்பட்டவை சட்டம் பயில்வோர் கூர்ந்து படிக்க வேண்டியவை.

குடிசை நின்ற மனையே பெரும்பாலும் மிராசுதாரின் கட்டுப்பாட்டில் இருந்தது. கூலி உயர்வு கேட்டாலோ, வேறிடம் வேலைக்குப் போனாலோ, குடிசையிலிருந்து வெளியேற்றும் அச்சுறுத்தல் வரும். கடன் சீட்டில் கைநாட்டு வைத்த படியாள், அசலும் வட்டியும் தீராமல் தலைமுறையாக உழைத்தார். அரசுத் தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனு கொடுக்கத் துணிந்தால், அதில் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடியிருப்பு, கடன், நிலம் ஆகிய மூன்று பூட்டுகளும் ஒரே கையில் இருந்தன. அழகிய கிராமம் என்று ஏக்கத்தோடு சொல்லப்படுவதன் உள்கட்டமைப்பு இதுதான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை இலட்சிய அமைப்பாகக் கொள்ள அம்பேத்கர் மறுத்ததற்கும், கிராமத்தை விடுத்துத் தனிமனிதரை அரசியலமைப்பின் அலகாகக் கொண்டதை அவர் வரவேற்றதற்கும் பின்னணி இத்தகைய கிராமங்களே.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நில ஒதுக்கீட்டின் அடிப்படை. சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது காவல் துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். 1891இன் ஆவணம் அருங்காட்சியகப் பொருள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது இன்றும் நீதிமன்றத்திலும் வருவாய் அலுவலகத்திலும் உயிரோடிருக்கும் உரிமைக் கோரிக்கை.

இரண்டு ஆட்சேபங்கள்

உள்நாட்டுச் சுரண்டலைப் பேசுவது காலனியக் கொள்ளையை மறைத்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். மறைக்காது. நிலவரி வசூலுக்குக் கம்பெனி ஆட்சி மிராசுதாரைச் சார்ந்திருந்தது. மிராசுதாரின் பிடி கம்பெனிச் சட்டத்தால் இறுகியது. இருவரும் கூட்டாளிகள். ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மற்றவர் தப்பிவிடுவார். பொற்காலக் கதைகள் இரண்டும் தலைக்கு ஒருவரைத் தப்பவிடுகின்றன.

தலித் இயக்கமும் ஒரு பழம்பெருமையைப் பேசவில்லையா என்பது இரண்டாவது கேள்வி. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழில் பூர்வ பௌத்தத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அவரது வரலாற்று முடிவுகள் ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பழமையை எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். இழிவு இயற்கையானது அல்ல, அது திணிக்கப்பட்டது, ஆகவே நீக்கப்படக் கூடியது என்று சொல்லப் பயன்படுத்தினார். அவர் காட்டிய பழமை பறிகொடுத்தவரின் வழக்குரை. அதேபோல அவர் காலத்துத் தலைவர்கள் ஆங்கில ஆட்சியிடம் கல்வியும் நிலமும் வேலையும் கோரினார்கள். அதன் மாளிகைகளை வியந்து நிற்கவில்லை.

ஏக்கத்தின் இன்றைய பயன்

கடந்த காலத்தைப் பற்றிய கற்பனை யாருக்கும் தீங்கு செய்யாத பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாது. வறுமை பழங்காலத்தில் இல்லை என்று ஏற்றுக்கொண்டால், அதற்கான பரிகாரமும் தேவையற்றதாகிவிடும். சாதி வெள்ளையர் உருவாக்கியது என்று ஏற்றுக்கொண்டால், இடஒதுக்கீடு அந்நியர் விட்டுச்சென்ற பிரிவினையாகிவிடும். பழைய உழைப்பு 'சேவை' என்று போற்றப்பட்டால், இன்றைய உழைப்புக்கு ஊதியம் கேட்பது பேராசையாகிவிடும்.

கடைசியாகச் சொன்னதை ரிப்பன் மாளிகையின் வாசலில் பார்த்தோம். பல ஆண்டுகள் மாநகராட்சிக்காக உழைத்தவர்கள், தனியாரிடம் போனால் கையில் கிடைக்கும் ஊதியம் குறையும் என்றார்கள். 2021 தேர்தலின்போது பணி நிரந்தரம் குறித்துத் தரப்பட்ட வாக்குறுதியை நினைவூட்டினார்கள். கேட்டது வேலையின் உரிமை. கிடைத்தது காலை உணவு. உணவுத் திட்டத்தை நாம் பழிக்கவில்லை. விடியும் முன்பே துடைப்பம் ஏந்துபவருக்குச் சூடான உணவு தேவைதான். ஆனால் 1782இன் கஞ்சிக்கும் 2025இன் காலை உணவுக்கும் இடையே அரசியலமைப்புச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. உணவு தருவதன் மூலம் ஊதியக் கேள்வியைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை அது அனுமதிப்பதில்லை.

எண்ணூரில் மற்றொரு பொற்காலம் எதிர்காலத்தின் பெயரால் கட்டப்படுகிறது. மின் நிலையங்கள், துறைமுகங்கள், சுத்திகரிப்பு ஆலைகள் அனைத்தும் நாட்டின் வளர்ச்சிக்காக என்கிறார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கலந்து கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியது மீனவர் வாழ்வில்; அதே மாதம் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது குடியிருப்புகளின் நள்ளிரவில். 2025 செப்டம்பர் 30 அன்று அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தனர். பிழைப்புக்காக வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்த மின் நிலையத்தின் புகைபோக்கியும் யாரோ ஒருவரின் ஏக்கப் புகைப்படமாகும். அப்போதும் அந்த ஒன்பது பேர் அதில் இருக்கமாட்டார்கள், இப்போதே நாம் எழுதிவைக்காவிட்டால்.

எனவே செயல்பாட்டாளர்களும் மாணவர்களும் செய்ய வேண்டியவை சில உண்டு. எவரேனும் ஒரு பொற்காலத்தைச் சொன்னால், அன்றைய கூலி என்ன, நிலம் யாருடையது, பள்ளிக்குள் யார் இல்லை, வேலையை விட்டுப்போக உரிமை இருந்ததா என்று கேட்போம். நில உரிமைப் பதிவேடுகள், மாவட்டக் கையேடுகள், பஞ்ச அறிக்கைகள், கப்பல் பட்டியல்கள் ஆகியவற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கணினித் திரையிலும் தேடிப் படிப்போம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்த் தெருக்களின் வழக்குப் பெயர்களையும் மூத்தோரின் நினைவுகளையும் பதிவு செய்வோம். அவற்றைப் பட்டா வழக்குகளிலும் பஞ்சமி நில மனுக்களிலும் பணி நிரந்தரக் கோரிக்கைகளிலும் சான்றாக முன்வைப்போம்.

அடுத்த ஆகஸ்டிலும் சென்னை நாள் வரும். நடைப்பயணங்களை ராயபுரத்திலும் நடத்தட்டும்; வரவேற்போம். பழைய சிறைச்சாலைச் சாலையில் நிற்கும்போது, ஸ்டான்லி என்ற பெயரோடு கஞ்சித் தொட்டி என்ற பெயரையும் சொல்ல வேண்டும். அந்தச் சாலையை அன்று காலை பெருக்கியவர் என்ன ஊதியம் பெறுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.